மகளிர் குழுக் கூட்டத்தில் வாக்கைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: பென்னாகரம் குழு ஊக்குநர்

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் ஊக்குநராக 11 ஆண்டுகளாக இருந்து வருகிறேன். எங்கள் குழுவில் 16 பேர் இருக்கிறோம். ஓரிருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் மானாவாரிக் காடுதான். மழை பெய்தால் ராகியும் சாமையும் விளையும், பெய்யாவிட்டால் கூலி வேலைக்குப் போக வேண்டும். மாசி, பங்குனி மாதங்களில் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கும் புளியை ஓடு நீக்கி, கொட்டை தட்டிக் கொடுத்தால் கொஞ்சம் கூலி கிடைக்கும். அந்த மாதங்களில் எங்கள் கூட்டங்களும் புளிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்தபடியேதான் நடக்கும்.

வாக்களிக்க வாருங்கள் என்று எங்கள் ஊர்ப் பெண்களை யாரும் அழைக்க வேண்டியதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக விழுக்காடு வாக்குப் பதிவான தொகுதி தருமபுரிதான். 81 விழுக்காட்டைத் தாண்டியது. அன்று காலை 7 மணிக்குள் பெண்கள் வரிசை பள்ளிக்கூடத்து வேப்பமரம் வரைக்கும் நீண்டிருந்தது. என் கவலை வேறு. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் புளி தட்டிக்கொண்டிருந்தபோது, யாருக்கு என்று சொல்ல வேண்டாம், அந்த முடிவை எடுத்தது யார் என்று மட்டும் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றவர்களே மிகுதி. மூன்று பேர்தான் தாமே யோசித்து முடிவு செய்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர், 60 வயதைக் கடந்தவர், கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தம் வருகிறதே, அதை வைத்து எந்தச் சின்னம் என்று வெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களா?" என்று கேட்டார். எத்தனை தேர்தல்களாக அந்த அச்சத்தோடு அவர் வாக்களித்து வந்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கு மனம் தாங்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 946 பெண்கள்தான் இருந்தார்கள். மாநிலத்திலேயே இதுதான் குறைவு. மாநிலச் சராசரி 996. பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட மாவட்டத்தில், வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்த எவரும் பெண் குழந்தையைப் பற்றியோ, பதினாறு வயதில் நடக்கும் திருமணத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நாங்களும் அவர்களிடம் கேட்டதில்லை.

எனக்கு இரண்டு செய்திகளில் உங்கள் வழிகாட்டுதல் வேண்டும். ஆண் பெண் சமத்துவத்தை மனத்தில் வைத்து வாக்களியுங்கள் என்று, எந்தக் கட்சிக்கும் சாயாமல், வீட்டில் சண்டையையும் கிளப்பாமல், குழுக் கூட்டத்தில் எப்படிப் பேசுவது? வேட்பாளர்கள் வரும்போது நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: காரிமங்கலம் அங்கன்வாடிப் பணியாளர்

வணக்கம் அக்கா. நான் அங்கன்வாடியில் பணிபுரிகிறேன். வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் சில ஆண்டுகள் வீடு வீடாகப் போயிருக்கிறேன். சமத்துவத்தைப் பேசுவதற்கு முன்னால், உங்கள் 16 பேரின் பெயரும் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்கள் பகுதியில் திருமணமாகி வரும் பெண்ணின் ரேஷன் கார்டை உடனே மாற்றுவார்கள். வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயரை மட்டும் தாய்வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். இடம் மாறியவர்கள் படிவம் 8 கொடுத்தால் போதும். முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒரே கணக்குதான் இருந்தது. இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்திருப்பதால், பெண் பிள்ளைகள் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம்.

கதவைத் தட்டிப் பெயர் கேட்டால், இன்னாருடைய சம்சாரம் என்றுதான் பல வீடுகளில் இன்றும் பதில் வருகிறது. பெயரைச் சொல்லுங்கள் அம்மா என்று இரண்டாம் முறை கேட்டால்தான், தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். முதல் பொதுத்தேர்தலுக்காகப் பட்டியல் தயாரித்தபோது இப்படித் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது அது. ஆனாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. ஆகவே கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தம் முழுப் பெயரை உரக்கச் சொல்ல வையுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பெரியம்மா கேட்டதற்குப் பதில் இதுதான். எந்தச் சின்னத்தை அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். பக்கத்தில் உள்ள கண்ணாடிக்குள் அவர் அழுத்திய சின்னம் அச்சிட்ட சீட்டு 7 விநாடி தெரியும், பிறகு அது பெட்டிக்குள் விழுந்துவிடும். வெளியே வராது, அவர் கையிலும் கிடைக்காது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாக்குகளை வாக்குச்சாவடி வாரியாகத்தான் எண்ணுகிறார்கள். அதனால் ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது கட்சிக்காரர்களுக்குத் தெரியும். எந்தப் பெண் எந்தப் பக்கம் என்பது யாருக்கும் தெரியாது. இந்த இரண்டையும் கலந்து சொல்லித்தான் பெண்களைப் பயமுறுத்துகிறார்கள்.

இன்னொன்று. எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காகக் கணவரோ மகனோ மறைப்புக்குள் கூட வர முடியாது. கண் தெரியாதவர்கள், உடல் இயலாதவர்கள் ஆகியோருக்கு மட்டுமே துணை ஆள் அனுமதி உண்டு. படிக்காதவர்களுக்காகத்தானே சின்னம் வைத்திருக்கிறார்கள்.

பதில்: காவேரிப்பட்டணம் ஒன்றியம், முன்னாள் ஊராட்சித் தலைவர்

சகோதரிக்கு வணக்கம். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு வந்த பிறகு, 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நான் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். 2025 ஜனவரியில் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. முதல் ஆறு மாதம் நான் தலைவராக இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் இருக்கையில் என் கணவர் உட்காருவார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவேன். ஒருநாள், தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய காசோலை ஒன்று வந்தது. தொகையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கேட்டபோது, உனக்கு எதற்கு என்று பதில் வந்தது. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி கேட்டால் என் பெயரைத்தானே கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடி வைத்தேன். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஆனால் மறுவாரம் முதல் என் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன்.

அந்தத் துணிவு எனக்குக் குழுவில் கிடைத்தது. தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது அப்போதைய ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த என் அம்மா குழுவில் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். சேமிப்பு, கடன், வட்டி என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த பெண்களுக்கு வேட்பாளரின் வாக்குறுதியைக் கணக்குப் பார்க்கத் தெரியாதா? அப்படியே சொல்லிப் பாருங்கள். புரியாத சொல் எதுவும் வேண்டாம்.

வாக்கினால் என்ன நடந்துவிடும் என்று யாராவது கேட்டால், சொத்துரிமையைச் சொல்லுங்கள். குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1989இல் சட்டம் திருத்தியது. அதற்கு முன்பே திருமணமான பெண்கள் அதில் சேரவில்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் கை தூக்கியதால் வந்த உரிமை அது. ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? அண்ணன், தம்பி மனம் கோணக்கூடாது என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், என் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பட்டுப்புடவையோடு பேருந்து ஏறி வருகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். சட்டம் தந்ததை வீட்டில் விட்டுக்கொடுக்கிற நாம், வாக்கையும் அதே பழக்கத்தில் விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

வேட்பாளரிடம் கேட்பதைப் பொதுவாகக் கேட்காதீர்கள். சமத்துவத்துக்கு ஆதரவா என்று கேட்டால் எல்லோருமே ஆம் என்பார்கள். எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள் தெரியுமா? மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருக்கிறது. மாலை ஆறரைக்கு மேல் பேருந்து இல்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் இருக்கிறது. பேருந்தே வராத ஊருக்கு அதனால் என்ன பயன்? அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பையே எட்டாத பெண் அதை எப்படி வாங்குவாள்? ஆகவே, இந்த நேரத்துக்கு இந்த ஊருக்குப் பேருந்து வருமா, வராதா என்று கேளுங்கள். படிப்பு நிற்காத வீட்டில் பதினாறு வயதுத் திருமணமும் அவ்வளவு எளிதில் நடக்காது.

தகுதி சமமாக இருந்தால் பெண் வேட்பாளருக்கே வாக்களியுங்கள் என்பதும் என் கருத்து. 2021 சட்டமன்றத் தேர்தலில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 11 தொகுதிகளில் ஒன்றில்கூடப் பெண் வெற்றி பெறவில்லை.

பதில்: ஊத்தங்கரையைச் சேர்ந்தவர், ஓசூரில் பணி

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, விடுதியில் தங்கியிருக்கிறேன். என் வாக்கு ஊரில் இருக்கிறது. கடந்த முறை லீவு கேட்கவே என்னுடன் இருந்த பலர் தயங்கினார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்கும் இது உண்டு. ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போயிருக்கும் உங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள், அக்கா. சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று என் அப்பா என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். இப்போது, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார்.

பதில்: அரூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

முன்னாள் ஊராட்சித் தலைவர் அம்மையார் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். பெண் வேட்பாளருக்கே வாக்களியுங்கள் என்று குழுக் கூட்டத்தில் ஊக்குநர் சொன்னால், போட்டியில் ஒரே ஒரு பெண் நிற்கும் இடத்தில் அது ஒரு கட்சிக்குக் கேட்டதாகவே ஆகிவிடும். 2024இல் தருமபுரி மக்களவைத் தொகுதியில் பெண் வேட்பாளர் ஒருவர் இரண்டாம் இடம் வரை வந்தார். அத்தகைய சூழலில் குழுவே இரண்டாகப் பிளந்திருக்கும். பெண்கள் மன்றத்துக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இலேயே வந்தது, சொத்துள்ளவர்களுக்கு மட்டும் என்ற வரம்போடு. அந்த மாகாணத்தின் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்க அங்கே குரல் எழுப்பினார். முழுமையான தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. அவர் அங்கே இல்லாமல் போயிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்குமா? அப்படியிருந்தும் 2021இல் நம் சட்டமன்றத்தின் 234 பேரில் 12 பேர்தான் பெண்கள். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் அரசியலமைப்பின் 106ஆம் திருத்தம் 2023இல் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். அதனால், பெண்களுக்கு ஏன் இடம் தரவில்லை என்ற கேள்வியை எல்லாக் கட்சியின் வேட்பாளரிடமும் ஒரே சொற்களில் கேளுங்கள். அது குழுவின் வேலை. வாக்கு அவரவர் விருப்பம்.

பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் பெண்களைக் கட்டிப்போடுவது, பணம் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளும் சத்தியம். கற்பூரத்தின் மேல் அடித்துக் கொடுத்த சத்தியத்தை மீறினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று என் முன்னாள் மாணவி ஒருவர் என்னிடமே சொல்லி அழுதிருக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்க்கப்பட்டவர்களின் நல்ல குணத்தையே இப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அவரைக் குற்றவாளியாக்கிப் பேசாதீர்கள். அச்சத்தைக் காட்டி வாங்கிய சத்தியம் தெய்வத்துக்கும் கணக்கில் வராது என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் மனம் ஆறியது.

ஆண்களையும் ஒருநாள் கூட்டத்துக்கு அழையுங்கள். அழைத்துச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உன் மனைவி தனியாக முடிவு எடுப்பதால் உன் வாக்கு குறைந்துவிடவில்லை. எங்கள் பக்கத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில், சந்தன மரச் சோதனைக்கு வந்த அரசு அலுவலர்களால் அந்த மலையடிவார ஊரின் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு 2011இல்தான் தருமபுரி நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் 30 ஆண்டுகளுக்கு மேலாகச் சாட்சி சொல்லி நின்றார்கள். அப்போது அவர்கள் பக்கம் நின்றவர் யார், நிற்காதவர் யார் என்பதை இந்தப் பகுதிப் பெண்கள் வாக்களிக்கும்போது நினைத்துப் பார்ப்பது கட்சி அரசியல் ஆகாது.

பென்னாகரம் குழு ஊக்குநர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை கூட்டம் நடத்தினோம். 14 பேர் வந்தார்கள். அங்கன்வாடித் தங்கை சொன்னபடி ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொன்னார்கள். கணவர் பெயரை வாயால் சொல்லாத வழக்கம் எங்கள் ஊரில் உண்டு, தம் பெயரைச் சொல்லவும் இத்தனை கூச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாவது ஆள் சொல்லும்போது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எளிதாகிவிட்டது. பட்டியலைச் சரிபார்த்ததில் இரண்டு பேரின் பெயர்கள் இன்னும் தாய்வீட்டு ஊரில் இருப்பது தெரிந்தது. ஒருவர் மேச்சேரி, ஒருவர் தொப்பூர். சத்தத்தைப் பற்றிக் கேட்ட பெரியம்மாவுக்கு, அட்டைப் பெட்டியில் மாம்பழம், பூட்டு, விளக்கு என்று படம் ஒட்டி விளக்கினேன். படம் எல்லாவற்றிலும் கட்சி வாடை வந்துவிடுமோ என்று பயந்து, பிறகு மாம்பழத்தையும் கிழித்துவிட்டுப் பூசணியை ஒட்டினோம்.

வேட்பாளர்களிடம் கேட்பதற்கு இரண்டே கேள்விகளை முடிவு செய்திருக்கிறோம். மாலைப் பேருந்து ஒன்று. மற்றது, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் கும்பல்களைப் பற்றி. தருமபுரி சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் பிடிபட்ட செய்தியை எல்லோரும் படித்திருக்கிறோம். பிடிபட்டவர்கள் திரும்ப வந்து அதே தொழிலைத் தொடங்காமல் இருக்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கப் போகிறோம். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவில்லை; ஒரு தனித் தாளில் எழுதி 14 பேரும் கையெழுத்திட்டோம். யார் கேட்பது என்று பேச்சு வந்தபோது, நான் கேட்கிறேன் என்று அந்தப் பெரியம்மாவே சொன்னார்.

தொப்பூர்க்காரப் பெண்ணிடம் வாக்காளர் அட்டை இல்லை, தொலைந்துவிட்டது. படிவம் 8 கொடுக்கும்போது அது இல்லாமல் முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காரிமங்கலம் அங்கன்வாடிப் பணியாளர்

முடியும் அக்கா. அட்டை எண் பழைய பட்டியலில் இருக்கும். அவருடைய பெயரையும் தாய்வீட்டு ஊரையும் வைத்துத் தேடி எடுத்துவிடலாம். தொலைந்த அட்டைக்குப் பதில் புதியது கேட்பதற்கும் அதே படிவம் 8தான். புது அட்டை வருவதற்குள் தேர்தல் வந்துவிட்டாலும் கவலை வேண்டாம். பெயர் பட்டியலில் இருந்தால் ஆதார், புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம், 100 நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்றைக் காட்டி 2024இல் வாக்களித்தார்கள். இப்போது முகவரிச் சான்றுக்கு அவருடைய பெயர் உள்ள ஆதாரை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வாக்குச்சாவடி அலுவலரிடம் போகச் சொல்லுங்கள். கணவரை அனுப்ப வேண்டாம், அவரே போகட்டும்.